டி.சி. வாங்கப் போயிருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

"அந்தப் பையன் ஊமையா?" என்று உன்னைப் பற்றி ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அறுபத்தொன்றாம் வருஷம் அது. எனக்குத் திருச்சுழிக்கு மாற்றலாகி, உன்னையும் உன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அங்கே குடிபோயிருந்தேன். அதுவரை நீ அருப்புக்கோட்டையில், உன் அம்மா பிறந்த தெருவில், தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் தெலுங்குதான். தமிழ் வேண்டுமென்றால் தெருமுனையைத் தாண்ட வேண்டும். ஐந்து வயதில் நீ அவ்வளவு தூரம் போனதில்லை. திருச்சுழியில் பக்கத்து வீடு, எதிர் வீடு, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் தமிழாக இருந்தன. நீ வாயை மூடிக்கொண்டாய்.

நான் வாத்தியாராக இருந்த அதே பள்ளிக்கூடத்தில்தான் நீயும் படித்தாய்; அதைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வந்தார். ஒன்றாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து பேரும் ஊரும் சொல்லிற்று. உன் முறை வந்தபோது எழுந்து நின்றாய். அவர் இரண்டு தரம் கேட்டும் நீ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாயாம். பிறகு வராந்தாவில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது என்னிடம் கேட்டார். நீ என் மகன் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. "இல்லீங்கய்யா, கேட்டுக்கிட்டு இருக்கான்" என்றேன். "எவ்வளவு நாளைக்குக் கேப்பான்?" என்றார். "கேட்டு முடியுற மட்டும்" என்றேன். அவர் சிரித்துவிட்டுக் காப்பியைக் குடித்தார். நான் அப்போது தெரிந்து சொன்னேன் என்று நினைக்காதே. பதில் சொல்ல வேண்டிய இடம், வாயில் வந்ததைச் சொன்னேன். பின்னால் அதே மாதிரிப் பிள்ளைகளை வருஷா வருஷம் பார்த்த பிறகுதான், நான் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு என்று தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இன்று காலை நீ மதுரை பஸ் ஏறிப் போய்விட்டாய். துணிப்பை ஒன்றுதான் கொண்டுபோயிருக்கிறாய். சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு வந்தபோது தலையில் டிரங்குப் பெட்டியும் கக்கத்தில் படுக்கையுமாக நீ இறங்கியதைப் பார்த்தபோதே எனக்குச் சங்கதி விளங்கிவிட்டது. நாலு நாள் விடுமுறைக்கு யாரும் பெட்டியைச் சுமந்துகொண்டு வருவதில்லை. பஸ் ஸ்டாண்டில் உன் அம்மா கேட்டாள், "ஏம்ப்பா, வெறும் பையோடயா போற?" நீ சொன்னாய், "டி.சி. வாங்கிக்கிட்டு வாரேம்மா. அதுக்கெதுக்குப் பெட்டி?" அவள் என்னைப் பார்த்தாள். நான் பஸ் போர்டைப் பார்த்தேன். காரியாபட்டி வழியா, வேறு வழியா என்று பார்ப்பதுபோல. பஸ் ஓடத் தொடங்கிய பிறகு அவள் சொன்னாள்: "ஊரு பிள்ளைகளுக்கெல்லாம் வாய் வலிக்கப் பேசுவீக. நம்ம பிள்ளைக்கு மட்டும் வாயில கொழுக்கட்டை." அவள் சொன்னது சரி. நேரில் சொன்னால் நீ தலையை ஆட்டிவிடுவாய். உன் தலையாட்டலை வைத்து எனக்கு எதுவும் தெரியாது. எழுதினால் நீ தனியாக இருந்து படிப்பாய், பிடிக்காத இடத்தில் பிடிக்கவில்லை என்று நினைக்கவாவது செய்வாய். வேண்டுமானால் உன் அறையில் இருக்கும் பிள்ளைகளும் படிக்கட்டும். ஒளித்து வைக்கும்படி இதில் ஒன்றும் இல்லை. வீட்டில் பேசுகிற மொழியை எழுத நம் இருவருக்கும் தெரியாது என்பதால், நாம் தெலுங்கில் பேசியதையும் தமிழில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நிலவரத்தை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். பி.காம். சேர்ந்து ஒரு பருவம்கூட முடியவில்லை. நீ படிப்பை விட்டுவிட்டு, பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து என்னைப்போல ஆசிரியராக வரலாம் என்று நினைக்கிறாய். அங்கே ஒரு பையன் விட்டுப் போனதால் ஓர் இடம் காலியாக இருக்கிறது. எனக்குத் தெரிந்தவர் அதைச் சனிக்கிழமை வரை நிறுத்தி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். கல்லூரியில் டி.சி. வேண்டுமென்றால் விடுதி வார்டன் கையெழுத்துப் போட வேண்டும், வார்டன் வியாழக்கிழமைதான் ஊர் திரும்புகிறார் என்று நீயே சொன்னாய். இந்தக் கடிதம் புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும். டி.சி.யை ஒரு தரம் வாங்கிவிட்டால் அந்த வகுப்பு உனக்கு இனி இல்லை. அடுத்த ஆனி மாதம் மறுபடி முயலலாம் என்று சொல்வார்கள். நம் வீட்டு நிலைமைக்கும் எனக்கு ஓய்வு வந்துவிட்ட நேரத்துக்கும் அது நடக்காது என்பது உனக்கும் தெரியும். ஆகையால் வியாழக்கிழமை நீ எடுக்கும் முடிவு கடைசி முடிவு. அதை நீதான் எடுக்க வேண்டும். பி.காம். சேரச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை, விடச் சொல்லியும் வற்புறுத்த மாட்டேன்.

நீ வந்த அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம் சொன்னதை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டேன். டெஸ்டில் ஒரு வியாபாரியின் இறுதிக் கணக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். புத்தகத்தில் அதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. நீ அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசிக் கோடு வரைக்கும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாய். கேள்வித்தாளில் இருந்த தொகைகளைப் பார்க்காமல் புத்தகத்துத் தொகைகளை, புத்தகத்து வியாபாரியின் பேரோடு சேர்த்து, ஒரு பிசகில்லாமல் எழுதிவிட்டாய். சார் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பில் கேட்டிருக்கிறார்: "தம்பி, ரெண்டு பக்கமும் அழகா ஒத்துப்போகுது. ஆனா நான் குடுத்தது வேற கடையாச்சே. நீ எந்தக் கடைக்கு எழுதியிருக்க?" பின் வரிசையிலிருந்து உன் அறைத்தோழன், பந்தல்குடிக்காரன் செல்வராசு, "புஸ்தகக் கடைக்கு எழுதியிருக்கான் சார்" என்று சொல்ல, வகுப்பு முழுக்கச் சிரித்திருக்கிறது. இதைச் சொல்லும்போது நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய் என்று அம்மா சொன்னாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாளாம். எனக்கும் வந்தது. அதற்காக நீ வருத்தப்பட வேண்டாம். அது சிரிக்கக்கூடிய விஷயம்தான்.

ஆனால் அது மந்த புத்தியால் நடந்த தப்பு அல்ல. நம் தெருப் பிள்ளைகள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. பாஷை தெரியாமல் பள்ளிக்கூடத்துக்கு வருகிற பிள்ளை என்ன செய்யும் என்று உனக்குச் சொல்கிறேன். அருப்புக்கோட்டைக்கே மாற்றலாகி வந்த பிறகு ஒன்றாம் வகுப்பை நானே பல வருஷம் எடுத்திருக்கிறேன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பாட்டை முதல் வாரத்திலேயே தலைகீழாகச் சொல்லிவிடுவார்கள். வெளியூரிலிருந்து வந்த வாத்தியார்கள் ஆச்சரியப்படுவார்கள். "மழை" என்று பாட்டில் பத்து இடத்தில் சொன்ன பையனிடம், வெளியே பெய்வதைக் காட்டி "இது என்னடா?" என்று கேட்டால் முழிப்பான். அவனுக்குப் பாட்டு ஒரே துண்டு. பிரித்தால் உடைந்துவிடும் என்று பயந்து முழுசாக வைத்துக்கொள்வான். புரியாத இடத்தில் அகப்பட்டவனுக்கு அது ஒரு பாதுகாப்பு. நீ புத்தகக் கணக்கை முழுசாக வைத்துக்கொண்டதும் அதுதான். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ் என்று ஒரு தரம் தாண்டியவன், இப்போது இங்கிலீஷில் பாடம் நடக்கும் வகுப்பில் இரண்டாம் தரம் தாண்டிக்கொண்டிருக்கிறாய். வாய் மூடியிருக்கிறது, கை மட்டும் எழுதுகிறது. மனப்பாடமும் ஒரு வகையில் பேசாமல் இருப்பதுதான்.

இன்ஸ்பெக்டரிடம் நான் சொன்னதில் பாதி தப்பு என்றேனே, அது இங்கேதான். கேட்டு முடித்த பிறகு பிள்ளை பேசும் என்று நான் நினைத்தேன். நீயும் அப்படிப் பேசவில்லை, வேறெந்தப் பிள்ளையும் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. உன் முதல் தமிழ்ப் பேச்சு எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்காது. உன் வகுப்புக்கு ஞானம் டீச்சர். பக்கத்துத் தெருவில், சர்ச்சுக்கு எதிரே அவர்கள் வீடு. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் உன் சிலேட்டுக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டான். புதுக் குச்சி. நீ எழுந்து நின்று, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "ஏலே டீச்சர், இவன் என் குச்சிய எடுத்துக்கிட்டான், குடுக்கச் சொல்லுலே" என்றாய்.

பையன்கள் விளையாடும்போது ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு, எவரையும் கூப்பிட அதுதான் தமிழ் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாய். வகுப்பு உருண்டு சிரித்தது. ஞானம் டீச்சர் சிரிக்கவில்லை. குச்சியை அவனிடமிருந்து வாங்கி உன் கையில் கொடுத்து, "வந்துருச்சா? உக்காரு" என்று மட்டும் சொன்னார்களாம். சாயங்காலம் என்னிடம் வந்து, "சார், உங்க மகன் இன்னைக்கு என்னைய ஏலேன்னுட்டான்" என்றார்கள். நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "அட, நீங்க வேற சார். அவன் வாயத் தொறந்துட்டான், அதச் சொல்ல வந்தேன். மரியாதையெல்லாம் அடுத்த வாரம் தானா வந்துரும்" என்றார்கள். அப்படியே வந்தது. யாரும் உனக்கு அதைப் பாடமாக நடத்தவில்லை.

அதற்குப் பிறகு நான் என் வகுப்புகளில் கவனித்துப் பார்த்தேன். பேசாத பிள்ளை பேசத் தொடங்குவது எப்போதுமே இப்படித்தான். அதற்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கும். தண்ணீர், குச்சி, ஜன்னல் பக்கத்து இடம், தன்னை அடித்தவனுக்கு ஓர் அடி. அந்தத் தேவை வந்ததும் இருக்கிற சொற்களை வைத்துக் கேட்டுவிடும். சொற்கள் எல்லாம் சேர்ந்த பிறகு பேசலாம் என்று காத்திருந்த பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போயும் காத்திருந்தார்கள்.

இதற்கும் வியாபாரப் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்கலாம். உன் சின்ன மாமாவின் பந்தல்குடிக் கடையைச் சொல்கிறேன். நீ அப்போது நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ. அம்மாவின் தம்பிக்குத் தறியில் உட்காருவதைவிட விற்பதில் ஆசை. தூத்துக்குடி ரோட்டில் லாரிகள் நின்று போகும் இடத்தில் ஒரு கடை பிடித்து, முழுக்கச் சேலையாக அடுக்கினார். நல்ல சேலைகள். துணியைத் தொட்டுப் பார்த்தே நூலின் நம்பரைச் சொல்லும் மனுஷர் அவர். கடை திறந்த அன்று என்னைக் கூட்டிக்கொண்டுபோய், "பாவா, கையில வச்சுப் பாருங்க, மதுரையில இப்படிக் கிடைக்குமா?" என்றார். கிடைக்காதுதான். ஒரு டிரைவர் இறங்கி வந்தார். "அண்ணாச்சி, துண்டு இருக்கா?" "துண்டு இல்ல, சேலை இருக்கு." "சேலையக் கட்டிக்கிட்டா நான் லாரி ஓட்ட?" என்று கேட்டுவிட்டு அவர் டீக்கடைக்குப் போய்விட்டார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் நடித்துக் காட்டினார். நீகூட அந்த டிரைவர் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடித்துக் காட்டுவாய். பல தடவை சொல்லிச் சிரித்த அந்தப் பேச்சுக்குள் ஒரு வியாபாரச் செய்தி இருந்தது. அந்த ரோட்டில் நிற்கிறவனுக்குத் துண்டு வேண்டும் என்பதுதான் அது. மாமா அதைக் கேலியாக மட்டுமே எடுத்துக்கொண்டார். கடையை மூடும் வரைக்கும் ஒரு துண்டு வாங்கி வைக்கவில்லை. அத்தை ஒருநாள், "அந்த லாரிக்காரவுகளத்தான் கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன், என்னதான் வேணுமாம்" என்று சொன்னதற்கு, "நான் துணி தெரிஞ்சவன், அவன்கிட்டப் போயி கேக்கவா?" என்றார். இப்போது நெசவாளர் சொசைட்டியில் வேலை பார்க்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார். "துணி நல்ல துணிதான் பாவா, ரோடுதான் சரியில்ல" என்று இன்றைக்கும் சொல்வார்.

உன் சார் கேட்டதை நீயும் மாமாவைப் போலவே எடுத்துக்கொண்டுவிட்டாய் என்று எனக்குப் படுகிறது. சிரிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் சொன்ன வார்த்தைகளை மட்டும் பார். இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது என்று முதலில் சொல்லியிருக்கிறார். அதாவது கோடு எங்கே போட வேண்டும், எது எங்கே வர வேண்டும் என்ற சட்டம் உன் கையில் இருக்கிறது. எந்தக் கடைக்கு எழுதினாய் என்று பிறகு கேட்டிருக்கிறார். அந்தச் சட்டத்துக்குள் அவர் கொடுத்த கடையை வைக்கவில்லை, அவ்வளவுதான். முப்பது வருஷம் பேப்பர் திருத்தியவனாகச் சொல்கிறேன், ஒன்றும் தேறாத பையனிடம் ஆசிரியர் இப்படிக் கேட்பதில்லை. மார்க்கைப் போட்டுவிட்டு அடுத்த பேப்பருக்குப் போய்விடுவார். புத்தகத்து வியாபாரியை எடுத்துவிட்டு உன் மாமாவை வைத்து ஒரு கணக்கு எழுதிப் பார். அவர் கடையில் என்ன இருந்தது, யாருக்கு என்ன கொடுத்தார் என்று உனக்குத் தெரியும். தொகையை நீயே போட்டுக்கொள். மறுநாள் அதையே மாற்றி, மாமா துண்டும் விற்றிருந்தால் என்று எழுது. அப்போது மனப்பாடம் உதவாது, யோசிக்க வேண்டிவரும்.

செல்வராசைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஏலே, வாத்தியார் மகனுக்கு எதுக்குலே சரக்கும் கிட்டங்கியும்? போயி அ, ஆ சொல்லிக் குடு" என்று அவன் சொன்னதை நீ சொன்னாய். அவன் அப்பா லாரிச் சாமான் கடையும் சரக்கு அடுக்க ஒரு கிட்டங்கியும் வைத்திருக்கிறார், அவன் கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவன். அவனுக்கு அவன் கடை தெரியும். பருத்தி கமிஷன் கடையோ எண்ணெய்ச் செக்கோ அவனுக்கும் புத்தகத்தில்தான். முதல் வருஷம் எல்லோரும் அடுத்தவன் எல்லாம் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். அவன் கேலி செய்கிறவன், ஆனால் டெஸ்டு நடந்த அன்று ராத்திரி நீ சாப்பிடாமல் படுத்ததற்கு மெஸ்ஸிலிருந்து இட்லி எடுத்துவந்து வைத்தவனும் அவன்தான் என்று நீதான் அம்மாவிடம் சொன்னாய். அவனிடம் கடையைப் பற்றிக் கேள். சொல்வதற்கு அவனுக்கு ஆசையாக இருக்கும். அவனுக்கு வராத தியரியை நீ சொல்லிக்கொடு. பாலவனத்தத்திலிருந்தும் காரியாபட்டியிலிருந்தும் தினம் பஸ்ஸில் வந்து போகிற பிள்ளைகள் உன் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்படிப் பேச ஆள் கிடையாது. விடுதியில் இருப்பவனுக்கு அந்த வசதி உண்டு.

ஆசிரியர் வேலைக்கு வா என்று நான் ஏன் சந்தோஷமாகச் சொல்லவில்லை என்று அம்மா கேட்டாள். நீ பக்கத்திலேயே இருப்பாய், எனக்கும் வயதாகிவிட்டது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன காரணம்? அந்த வேலையை நான் தாழ்வாக நினைக்கவும் இல்லை. அதில்தான் என் வாழ்க்கை போயிற்று, நல்லபடியாகவே போயிற்று. ஆனால் என்னோடு வேலை பார்த்த ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். பேர் வேண்டாம். வேறொரு படிப்பிலிருந்து பாதியில் பயந்து விலகி வந்தவர். நல்ல மனுஷர், பிள்ளைகளை அடிக்க மாட்டார். ஆனால் அவர் வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கேள்வி கேட்காது. யாராவது எழுந்தால் அவர் முகம் மாறிவிடும். "உக்காரு, அப்புறம் பாக்கலாம்" என்பார். கேள்வி என்றால் அவருக்குத் தன் பழைய வகுப்பு நினைவு வந்துவிடும் போலிருக்கிறது. வருஷத்துக்கு நாற்பது பிள்ளைகள் அவரிடம் உட்காரக் கற்றுக்கொண்டு போனார்கள். பிள்ளைகளோடு இருக்க ஆசைப்பட்டு நீ வந்தால் நானே உன்னை அழைத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பேன். ஒரு சிரிப்புக்குப் பயந்து வந்தாயானால், அந்தப் பயத்துக்கு நீ மட்டும் விலை கொடுக்க மாட்டாய், உன் முன்னால் உட்காரப்போகிற பிள்ளைகளும் கொடுப்பார்கள். இதைத்தான் பஸ் ஸ்டாண்டில் என்னால் சொல்ல முடியவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன் அல்லவா. என் இங்கிலீஷுக்கு எட்டிய மட்டும் படித்தேன். ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். ஒருவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கடை வைக்கிறார். அந்த மூலதனத்தை, கடை திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன்கள் இருக்கிற பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். "இது ஏன் தம்பி? அவரு பணம்தானே, அவருக்கே கடன்பட்ட மாதிரில்ல இருக்கு?" என்று உன்னிடம் கேட்டேன். நீ புத்தகத்து வாக்கியத்தை இங்கிலீஷில் சொன்னாய். "அப்படின்னா?" என்றேன். "அப்படித்தான் நைனா போடணும்" என்றாய். "ஏன்னு சார் சொன்னாரா?" "சொல்லியிருப்பாரு. எனக்கு வெளங்கல." "கேக்கலாமே?" நீ என்னைப் பார்த்த பார்வையில், நான் உன்னை மாட்டு வண்டிக்கு முன்னால் படுக்கச் சொன்னதுபோல இருந்தது. "அம்பது பேருக்கு முன்னாலயா நைனா? இங்கிலீஷ்லயா?" என்று கேட்டுவிட்டு, பையில் வேட்டியை மடித்து வைக்கப் போய்விட்டாய். ராத்திரி நான் அதை யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் நீ மனப்பாடம் செய்ததற்கு வெளியே உனக்கு வேண்டியிருக்கிற ஒன்று இதுதான் என்று தெரிந்தது. இது தெரியாமல் நீ எந்தக் கடைக்கும் கணக்கு எழுத முடியாது.

அடுத்த தெருவில் ஒருவர் மில்லில் கணக்குப் பார்க்கிறார், அவரிடம் கேட்டு எழுதிவிடலாம் என்று காலையில் சட்டையை மாட்டினேன். பிறகு கழற்றிவிட்டேன். நான் கேட்டுச் சொன்னால் அதையும் நீ ஒரே துண்டாக வாங்கி வைத்துக்கொள்வாய்.

வியாழக்கிழமை முதல் மணி உனக்கு அக்கவுண்டன்சி. கல்லூரி ஆபீஸ் பத்தரைக்குத்தான் திறக்கும் என்று சொன்னாய், ஆக அந்த ஒரு மணி நேரம் உன்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு நீ ஆபீசுக்குப் போனாலும் சரி, அடுத்த வகுப்புக்குப் போனாலும் சரி, உன்னிடம் காரணம் கேட்க மாட்டேன். டி.சி.யோடு வந்தால் பயிற்சிப் பள்ளிக்கு உன்னோடு நானும் வருவேன். வராவிட்டால் பெட்டியையும் படுக்கையையும் மறுநாள் காலை பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன். அந்த மணியில் நீ எழுந்து கேட்டால் சிரிப்பார்கள், அதில் சந்தேகமில்லை. அது சீக்கிரம் அடங்கிவிடும், அதற்குள் சார் பதில் சொல்லத் தொடங்கியிருப்பார்.

வியாழக்கிழமை சார் போர்டை அழிக்கத் திரும்புவதற்கு முன்னால் எழுந்து நின்று, இங்கிலீஷில் தொடங்கி, எங்கே தட்டுகிறதோ அங்கிருந்து தமிழில், "சொந்த மூலதனம் ஏன் சார் கடன் பக்கத்துல வருது?" என்று கேள்.

உன் நைனா